மூன்றாவது ஊறல்

செப்டம்பர் 16, திங்கள்

முதல் ஊறல் தேறிவிட்டது. எரிசாராயத்தின் அளவு கமிட்டி கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வந்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குவார்ட்டர்ஸில் என்னைத் தவிர இருப்பது ஒரு பல்லி. அதனால் உரக்கடைக்காரர் எப்போதோ கொடுத்த பழைய டைரியை எடுத்து, அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

'ஊறல்' என்று சொல்லக்கூடாது என்பது மேலாளர் தியாகேசன் சாரின் உத்தரவு. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் பானையில் ஊறப்போடுவதற்கு அந்தப் பெயர், கம்பெனியின் கௌரவம் என்ன ஆவது என்கிறார். 'பேட்ச்' என்று சொல்ல வேண்டுமாம். தொழிலாளர்கள் அவர் இருக்கும்போது பேட்ச் என்பார்கள், தலை மறைந்ததும் ஊறல் என்பார்கள். நானும் அப்படித்தான். செய்வது என்னவோ அதேதான். வைக்கோலை நறுக்கி, கொஞ்சம் அமிலம் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் பழுப்பாக ஒரு கூழ் வரும். ஆற வைத்துப் பெரிய தொட்டியில் ஏற்றி என்சைம் சேர்த்தால் அது சர்க்கரையாக இளகும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்கும். குடிப்பதற்கில்லை, பெட்ரோலில் கலப்பதற்கு. மன்னார்குடி கடைத்தெருவில் என் பெயர் பிலோமினா என்று யாருக்கும் தெரியாது. சாராய மேடம் என்றால் தெரியும்.

இது சோதனைக்காகக் கட்டிய சின்ன ஆலை. அடுத்தடுத்து மூன்று ஊறல் பழுதில்லாமல் வந்தால் டெல்லிக் கமிட்டி இங்கேயே பெரிய ஆலை கட்டச் சம்மதிக்கும். ஒன்று கெட்டாலும் இதையும் மூடிவிடுவார்கள். ஊறலுக்குப் பொறுப்பு நான்.

செப்டம்பர் 18, புதன்

இன்று செங்கமலத்தைத் திட்டினேன். ஆய்வகத்தைப் பெருக்கித் துடைப்பவள், டீயும் அவள்தான் போடுகிறாள். நான் ஈஸ்ட் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குள் தன் தயிர்சாத டப்பாவை வைத்திருந்தாள். "தயிரில் இருக்கும் கிருமி ஈஸ்டுக்கு எமன். அது தொட்டிக்குள் போனால் மொத்தமும் புளித்து நாசமாகிவிடும்" என்று கத்தினேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கலியபெருமாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்றுதான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

மதியம் கான்டீனில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் அவரவர் டப்பாவுக்குள் ஏதோ தொலைந்துபோன மாதிரி குனிந்துகொண்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன். அங்கே யாரும் சாப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கடைசியில் வெளியே, தொட்டி ஏணிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் மன்னார்குடி மாதா கோவிலில் பூசை. முடிந்து எல்லோரும் வாசலில் நின்று பேசினார்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்சநேரம் நின்றேன். செருப்பு காலடியில்தான் இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ஜெசி அக்கா போன் செய்தாள். "ஏட்டி, அங்க உனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு உண்டா இல்லியா?" என்றாள். நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஓய்வே இல்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 25, புதன்

கலியபெருமாளுக்கு இன்று நுண்ணோக்கியில் ஈஸ்டைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. நானாகக் கூப்பிட்டேன். மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி வந்து ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"முட்ட முட்டையா இருக்கு. உசுரா மேடம் இது?"

"உயிர்தான். பசிக்கும், சாப்பிடும், குட்டி போடும். சூடு தாங்காது, அழுக்கு ஆகாது."

"அப்ப நம்ம மாதிரிதான்" என்றார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. "இத்தன நாளா இரும்புத் தொட்டின்னுல்ல நெனச்சு சுத்தி வந்தேன். உள்ள இவ்வளவு சனம் இருக்கே."

எனக்கு மனசு நிறைந்திருந்தது. சாயந்தரம் போகும்போது "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாகச் சொல்ல மாட்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

குறுவை அறுவடை நடக்கிறது. பக்கிரிசாமி டிராக்டரில் வைக்கோல் கட்டுகளோடு வந்தார். கட்டும் மெஷின் அவருடையது. சுற்றுவட்டத்து வயல்களில் கட்டி ஆலைக்குக் கொண்டுவருகிறவர். ஈர வைக்கோல் கட்டுக்குள் வெந்து பூசணம் பிடிக்கும், கூழ் சரியாக வராது. அதனால் ஒவ்வொரு கட்டிலும் முழங்கை வரை கையைவிட்டுப் பார்ப்பேன். கை முழுக்கக் கீறல்.

"மேடம், மாட்டுக்குப் பிரசவம் பாக்குற மாதிரில்ல கைய விடுறீங்க" என்றார் பக்கிரிசாமி. ஏற்றி இறக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். நான் முறைத்ததும் நிறுத்திவிட்டார்கள். சிரித்திருக்கலாம், நல்ல கேலிதான். குவார்ட்டர்ஸுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

இரண்டு கட்டைத் திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மழை. தொட்டிச் சூடு சரியாக இருந்தது. பேச யாரும் இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

இரண்டாவது ஊறலும் தேறிவிட்டது. தியாகேசன் சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கலியபெருமாள் இப்போதெல்லாம் காலையில் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டுச்சா மேடம்?" என்பதுதான். ஈஸ்டைக் கேட்கிறார். என்னைத்தான் கேட்கிறார் என்று முதல்நாள் நினைத்து "இட்லி" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

மதியம் கலியபெருமாளும் செங்கமலமும் சேர்ந்து ஆய்வக வாசலுக்கு வந்தார்கள். யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவர்தான் பேசினார்.

"வெள்ளிக்கெழம மூணாவது ஊறல ஏத்துறோம்ல மேடம், அன்னிக்கி ஆயுத பூஜ. தொட்டிக்குப் பொட்டு வச்சு மால போடணும். நீங்க இருந்தாத்தான் நல்லாருக்கும்."

இரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "நான் கிறிஸ்தவப் பெண்" என்றேன், ஏதோ அவர்களுக்குத் தெரியாத மாதிரி.

"தெரியும் மேடம். ஏசுசாமி கோவிச்சுக்க மாட்டாரு. அவருந்தான் தச்சு வேல பாத்தவரு, உளி சுத்தியல்லாம் வச்சிருந்திருப்பாருல்ல."

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலை நாள், எப்படியும் அங்கேதான் இருப்பேன், சரி என்று சொல்லி அனுப்பினேன்.

பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு கட்டவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

நல்ல நாள்.

காலையில் கூழை ஏற்றி, என்சைம் சேர்த்து, மேல்வாய் வழியாக ஈஸ்ட் ஊற்றினோம். உடனே பூஜை ஆரம்பித்துவிட்டது. வால்வு, பம்பு, நறுக்கும் மெஷின், ஸ்பானர்கள், பக்கிரிசாமியின் டிராக்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் நுண்ணோக்கிக்கும் செங்கமலம் ஒரு பொட்டு வைத்தாள். லென்ஸில் பட்டுவிடாமல் எவ்வளவு கவனமாக வைத்தாள் தெரியுமா. வாசலில் இருக்கும் சின்னப் பிள்ளையாருக்குக் கலியபெருமாள் தன் வீட்டு மாட்டுப் பால் கொண்டுவந்து ஊற்றினார். மிச்சப் பாலைச் சொம்போடு எடுத்துக்கொண்டு, தோளில் மாலையோடு ஏணியில் ஏறினார். மாலை சரியாக நிற்கவில்லை, கீழே நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் இறங்கிய பிறகு நான் ஏறி மேல்வாயைத் துடைத்து மூடியை இறுக்கினேன்.

எனக்கும் இலை போட்டிருந்தார்கள். செங்கமலத்துக்கும் பக்கிரிசாமிக்கும் நடுவில். சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை. "மேடத்துக்கு இன்னொரு வட போடு" என்று பக்கிரிசாமி சொன்னார். தூத்துக்குடியில் எப்படி வடை போடுவார்கள் என்று செங்கமலம் கேட்டாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.

அக்டோபர் 12, சனி

எல்லா அளவுகளும் சரியாக இருக்கின்றன. மீந்த பொங்கலைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

ஆய்வக அலமாரியைச் சுத்தம் செய்தேன். வேண்டாத கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாடிக் பாட்டில் ஒன்று இருக்கிறது. உடனே போட்டால் பலன் இருக்கும், நாளானால் இருக்காது. ஆனால் தொட்டிக்குள் எது போட்டாலும், ஏன் போட்டோம் என்று கமிட்டிக்கு எழுத வேண்டும். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

செங்கமலம் குவார்ட்டர்ஸுக்கே வந்தாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். தன் மகளை நர்சிங் சேர்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். பெரிய ஆலை வந்தால் தனக்கு நிரந்தர வேலை கிடைக்குமா என்றும் கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

இன்று தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே.

அக்டோபர் 14, திங்கள்

போன ஞாயிறுகளில் எல்லாம் மாதிரி எடுத்தேன் என்பது எனக்கும் தெரியும்.

இன்று எடுத்தேன். புளிப்பு ஏறியிருக்கிறது. வாடை மாறியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் பழங்கள் கனிந்த மாதிரி ஒரு வாசனை வரவேண்டும். இன்று வந்தது நாள்பட்ட மாவு வாடை. மாதிரியைத் திரும்ப எடுத்தேன். அளவுக்கருவி பழுதோ என்று வேறொன்றில் பார்த்தேன். கருவியில் ஒரு பழுதும் இல்லை.

"சாப்பிட்டுச்சா மேடம்?" என்றார் கலியபெருமாள். ம் என்றேன்.

அக்டோபர் 16, புதன்

நுண்ணோக்கியில் ஈஸ்ட் முட்டைகளுக்கு நடுவே குச்சி குச்சியாக நிறைய இருக்கின்றன. ஈஸ்ட் தின்ன வேண்டிய சர்க்கரையை அவை தின்று புளிப்பாக்குகின்றன. பெயர் எழுத வேண்டியதில்லை. செங்கமலத்தின் டப்பாவில் இருந்த அதே சாதிதான்.

ஊறல் கெட்டுவிட்டது. தியாகேசன் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தார். "எப்படிம்மா?" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மழையில் வந்த வைக்கோல், கட்டுக்குள் ஈரம், அதிலிருந்து கிருமி என்று எழுதிக் கொடுத்தேன். அமிலத்தில் ஆவியில் வெந்த வைக்கோலில் இந்தக் கிருமி ஒன்றுகூட உயிரோடு மிஞ்சாது. இது கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண்ணுக்குத் தெரியும். தியாகேசன் சார் கணக்குத் துறையிலிருந்து வந்தவர், அவருக்குத் தெரியாது. நம்பிவிட்டார்.

கமிட்டிக்கு இன்றே அனுப்பிவிடவில்லை. திங்கட்கிழமை அனுப்பலாம் என்றார். பக்கிரிசாமியிடம் இனி வைக்கோல் வாங்க வேண்டாம் என்று வாசலில் சொல்லிவைத்துவிட்டார்.

அக்டோபர் 19, சனி

பக்கிரிசாமி டிராக்டரோடு வாசலில் நிற்கிறார் என்று செங்கமலம் வந்து சொன்னாள். போனேன். உள்ளே விடவில்லை, ரோட்டோரமாக நிறுத்தியிருந்தார். கட்டுகளை அவரே கீழே தள்ளி, கயிற்றை அறுத்து, வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கைய விட்டுப் பாருங்க மேடம்" என்றார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எப்பவும் பாப்பீங்கள்ல, இன்னிக்கிப் பாருங்க. எங்க ஈரம்னு சொல்லுங்க. அன்னிக்கி அந்த ஊறலுக்குப் போன கட்டு ஒவ்வொண்ணையும் நீங்கதான் கைய விட்டுப் பாத்து உள்ள அனுப்புனீங்க. ஈரம்னா அப்பவே திருப்பி அனுப்பியிருப்பீங்க. எத்தன கட்டுத் திருப்பியிருக்கீங்க, நான் ஒரு வார்த்த பேசிருக்கனா?"

முட்டி போட்டுக் கையை விட்டேன். உள்ளே கதகதப்பாக, மொறமொறவென்று இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

"சரியா இருக்குன்னா அத உள்ள போயிச் சொல்லுங்க" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? என் வைக்கோல்தான் ஆலைய மூட வச்சிருச்சாம். நாளைக்கி எந்த வயக்காரன் என்னக் கட்ட விடுவான்?"

கலியபெருமாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார். அவர் முகத்தில் பக்கிரிசாமிக்காக வருத்தம் மட்டும்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். பூஜையன்று மாலையைப் போட்டு முடித்ததும் கலியபெருமாள் மிச்சப் பாலை மேல்வாய் வழியாகத் தொட்டிக்குள் ஊற்றினார். காய்ச்சாத பால், காலையிலிருந்து வெயிலில் நின்ற பால். இரும்புக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று, உள்ளே இருக்கிற உயிருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். உயிர் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். பசிக்கும் என்று சொன்னவளும் நான்.

நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பு சாய்வதற்கு முன்னால் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரு சொம்புப் பால் இவ்வளவு பெரிய தொட்டியை என்ன செய்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன். மறுநாளாவது அந்த மருந்தைப் போட்டிருக்கலாம். போட்டால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் பூஜையைப் பற்றி எழுத வேண்டும், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இப்போது பக்கிரிசாமியைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அவர்தான் எனக்கு இன்னொரு வடை போடச் சொன்னவர்.

அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

காலையிலேயே தியாகேசன் சார் அறைக்குப் போனேன். அறிக்கையை அனுப்ப வேண்டாம், வைக்கோலில் தவறில்லை, பூஜையன்று நான்தான் தொட்டிக்குள் பால் ஊற்றினேன் என்று சொன்னேன்.

"யாரு?"

"நான்."

"நீங்க பூஜ பண்ணீங்க?"

"ஆமாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஏம்மா, ஒரு பொண்ணு கைகழுவாம உள்ள வந்ததுக்கு மெமோ குடுக்கச் சொன்ன ஆளு நீங்க. நீங்க தொட்டியில பால ஊத்துனீங்கன்னா நான் நம்பணுமா?"

"உங்களை நம்பச் சொல்லவில்லை சார். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். வேறு யாராவது ஊற்றியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்த மனுஷர் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். வைக்கோலால் கெட்டது என்றால், இந்தத் தொழிலே இங்கே சரிப்படாது என்று ஆலையை மூடிவிடுவார்கள். ஆள் செய்த தவறு என்றால், ஆளை மாற்றிவிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

"ஆள மாத்தணும்னா யாருன்னு உங்களுக்குப் புரியுதுல்ல?"

புரிகிறது என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

கமிட்டி சம்மதித்துவிட்டது. தீபாவளி கழிந்து மூன்றாவது ஊறலை மறுபடி போடலாம். என்னை ராஜினாமா கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். புதிதாக ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். பக்கிரிசாமியின் டிராக்டர் இன்று உள்ளே வந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றியா கோபமா தெரியவில்லை.

தியாகேசன் சார் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பால் விழுந்ததால் கெட்டது, மேடம் ஒப்புக்கொண்டார் என்று. யாராவது வந்து பேசுவார்கள் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்காக இவ்வளவு செய்திருக்கிறோமே, அவராவது வருவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. செங்கமலம் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனாள்.

அக்டோபர் 26, சனி

கடைசி நாள். பெட்டி கட்டியாயிற்று. இரண்டு வருஷம் இருந்த வீடு, ஒரு பெட்டியும் ஒரு பையும்தான் ஆனது.

மத்தியானம் கலியபெருமாள் வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டிருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "பரவாயில்லை கலியபெருமாள்" என்றேன்.

"என்ன மேடம் பரவால்ல?" என்றார். "நான் ஊத்துனத நீங்க ஊத்துனதா ஏன் சொன்னீங்க? நான் சார்கிட்டப் போயி நாந்தான் ஊத்துனேன்னு சொன்னேன். மேடமே ஒத்துக்கிட்டாங்க, நீ போயி வேலையப் பாருன்னுட்டாரு."

"உங்கள் வேலை போய்விடும் என்றுதான்."

"அது இருக்கட்டும். தயிருதான் ஆகாதுன்னு செங்கமலத்தத் திட்டுனீங்க. இது பாலுதானேன்னு நெனச்சுட்டேன். ஆனாலும் மனசுல ஒரு இது இருந்துச்சு. அதான் சொம்பக் கவுக்கறதுக்கு முன்னாடி உங்களத் திரும்பிப் பாத்தேன். நீங்க என்னையேதான் பாத்துட்டு நின்னீங்க. பாத்தீங்களா இல்லியா?"

"பார்த்தேன்."

"அப்பறம் ஏன் சத்தம் போடல?"

நான் பெட்டியின் வாரை இறுக்கினேன்.

"வால்வத் தப்பாத் தொட்டா கத்துவீங்க. செருப்போட வந்தா கத்துவீங்க. நீங்க கத்துவீங்கன்னுதான் மேடம் தைரியமா அந்தத் தொட்டிகிட்ட வேல பாத்தோம். எங்களுக்கு என்ன தெரியும் அதப்பத்தி? தப்புன்னா மேடம் சத்தம் வரும், வரலன்னா சரி. அவ்வளவுதான் எங்களுக்கு. அன்னிக்கி சத்தம் வரல. சரின்னு ஊத்திட்டேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்காக அவருக்கு இன்னும் கோபம் வந்தது. "அத்தன உசுரும் போச்சு. எங் கையால."

கூப்பிட்டு இலை போட்டிருந்தீர்கள், நான் கத்தினால் மறுபடி எல்லோரும் குனிந்துகொள்வீர்கள் என்று பயந்தேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அது ஒரு பதிலாக எனக்கே படவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை. ஊறல் பக்கம் போக நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொட்டி காலியாகத்தான் இருக்கிறது.

என் சத்தம் பிடிக்காமல்தான் இங்கே யாரும் என்னிடம் ஒட்டவில்லை என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு குறிப்பு எழுதி ஆய்வக மேஜையில் வைத்தேன். எந்த வால்வு ஒழுகும், சூடு எப்போது ஏறும், பக்கிரிசாமியின் வைக்கோலை நம்பலாம், ஆனாலும் கையைவிட்டுப் பாருங்கள் என்றெல்லாம் எழுதினேன். கடைசியாக இதையும் எழுதினேன்:

'தொட்டியில் புதிதாக எதையாவது செய்வதற்கு முன்னால் கலியபெருமாள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது பேசாமல் இருந்துவிடாதீர்கள்.'